கடலூர், புதுச்சேரிப் பகுதிக்குப் புதிதாக வந்த ஈழத் தமிழ்க் குடும்பங்களுக்கு: பதிவு, மருத்துவம், பாதுகாப்பு

1990-ஆம் ஆண்டு மன்னார்க் கரையிலிருந்து படகேறி வந்தபோது எனக்கு ஒன்பது வயது. இராமேசுவரத்துக்கு அருகே மண்டபம் என்ற ஊரிலுள்ள முகாமில் சில வாரங்கள் வைத்திருந்துவிட்டு, அப்போது தென்னார்க்காடு என்று அழைக்கப்பட்ட இந்த மாவட்டத்தின் முகாம் ஒன்றுக்கு எங்களை அனுப்பினார்கள். அன்று என் பெற்றோருக்கு வழி சொல்ல யாரும் இல்லை. எந்த அலுவலகத்தில் எதைக் கேட்க வேண்டும், எந்தத் தாளைத் தொலைத்தால் எத்தனை ஆண்டு அலைய வேண்டியிருக்கும் என்பதையெல்லாம் அவர்கள் பட்டுத்தான் கற்றார்கள். இப்போது புதிதாக வருகிறவர்களும், வேறு மாவட்ட முகாமிலிருந்து மாற்றலாகியோ மணமாகியோ இங்கே வருகிறவர்களும் அதே அலைச்சலைப் பட வேண்டியதில்லை என்பதற்காக இதை எழுதுகிறேன். கடலூர் மாவட்டத்துக் குறிஞ்சிப்பாடி, அம்பலவாணன்பேட்டை முகாம்களில் இருப்பவர்களையும், புதுச்சேரிக்கு வடக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கும் கீழ்புத்துப்பட்டு முகாமில் இருப்பவர்களையும், முகாமுக்கு வெளியே வாடகை வீடுகளில் வாழ்பவர்களையும் மனத்தில் வைத்தே இவற்றைச் சொல்கிறேன்.

உயிருக்கு ஆபத்து என்றால் தாளைத் தேடாதீர்கள்

பதிவு முடியவில்லை, அட்டை வரவில்லை என்று நோயாளியை வீட்டில் வைத்துக்கொண்டு காத்திருக்கும் குடும்பங்களை இன்றும் பார்க்கிறேன். அது தேவையில்லாத அச்சம். இந்திய அரசமைப்புச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு உயிர்வாழும் உரிமையைக் குடிமக்களுக்கு மட்டுமல்லாமல் இந்த மண்ணில் இருக்கும் எந்த நபருக்கும் தருகிறது. ஆபத்தான நிலையில் வருகிறவருக்கு முதலில் சிகிச்சை தர வேண்டும், மற்ற நடைமுறைகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று உச்ச நீதிமன்றம் 1989-ஆம் ஆண்டிலேயே சொல்லிவிட்டது. ஆகவே நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், பாம்புக் கடி, வலிப்பு, பிரசவ வலி, பெரிய காயம் ஆகியவற்றில் எது வந்தாலும் 108-ஐ அழையுங்கள். அழைக்கும்போது முகாமின் பெயரோடு நிறுத்திக்கொள்ளாமல், ஊர், வட்டம், பக்கத்திலிருக்கும் கோயில் அல்லது பேருந்து நிறுத்தம் ஆகியவற்றையும் சொல்லுங்கள். ஒருவர் சாலைக்கு வந்து நின்று வண்டியைக் கைகாட்டி நிறுத்தினால், இருட்டில் பல நிமிடங்கள் மிச்சமாகும்.

சாலை விபத்தில் அடிபட்டவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாகத் தரும் 'நம்மைக் காக்கும் 48' திட்டம் தமிழ்நாட்டில் 2021 டிசம்பரிலிருந்து நடைமுறையில் உள்ளது. அடிபட்டவர் எந்த நாட்டவர் என்று அதில் பார்ப்பதில்லை. நம்மில் பெயிண்டிங் வேலைக்குப் போகிற இளைஞர்கள் விடியற்காலையில் இருசக்கர வண்டியில் நெடுந்தொலைவு போய் இருட்டிய பிறகு திரும்புகிறவர்கள் என்பதால், இந்தத் திட்டத்தின் பெயரை வீட்டில் எல்லோரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். ஆனால் வேலை இடத்தில் உயரத்திலிருந்து விழுந்தால் இது பொருந்தாது. அப்படி நேர்ந்தால், வேலை கொடுத்தவரின் பெயரையும் வேலை நடந்த இடத்தையும் மருத்துவமனைப் பதிவில் எழுதச் சொல்லுங்கள். பின்னாளில் இழப்பீடு கேட்க அந்த ஒரு வரிதான் ஆதாரமாக இருக்கும்.

பதிவு

படகில் வந்தவர்களைக் கடலோரக் காவல் படையினரும் காவல் துறையினரும் விசாரித்து மண்டபத்துக்கு அனுப்புவது நீண்ட கால வழக்கம். பிறகு எந்த முகாமுக்கு ஒதுக்கப்பட்டாலும், அங்கே போய்ச் சேர்ந்த அன்றே முகாமைக் கவனிக்கும் வருவாய் ஆய்வாளரிடமும், முகாம்களைக் கண்காணிக்கும் கியூ பிரிவுக் காவலரிடமும் பெயர் பதிவாகிவிட்டதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். முகாமில் எல்லோரும் 'ஆர்.ஐ.' என்றே சொல்லும் அந்த வருவாய் ஆய்வாளர்தான் மாதாந்தர உதவித்தொகை, அரிசி, வெளியூர் செல்ல அனுமதி ஆகிய எல்லாவற்றுக்கும் முதல் வாசல். உதவித்தொகை 2021-இல் உயர்த்தப்பட்டு, குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாய், மற்றப் பெரியவர்களுக்கு 1,000 ரூபாய், சிறுவர்களுக்கு 500 ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்டது. முகாமில் ஆட்களை நேரில் சரிபார்க்கும் தணிக்கை நாளில் ஆளைக் காணாவிட்டால் பெயர் விடுபட வாய்ப்புண்டு. மருத்துவமனையில் சேர்ந்திருப்பவர்களின் உறவினர், சேர்க்கைச் சீட்டின் நகலை அந்த நாளுக்கு முன்பே ஆர்.ஐ. கையில் கொடுத்துவிட வேண்டும்.

முகாமுக்கு வெளியே இருப்பவர்களை நம்மிடையே வெளிப்பதிவுக்காரர்கள் என்று சொல்வோம். அவர்கள் தாம் வசிக்கும் இடத்துக் காவல் நிலையத்தில் பதிந்து, அதைக் குறித்த காலத்தில் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். வீடு மாறினால் இரண்டு இடங்களிலும் தெரிவிக்க வேண்டும். கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு மாறுவது பேருந்தில் ஒரு மணி நேர வழிதான் என்றாலும், அரசுக் கணக்கில் அது ஒரு மாநில எல்லையைக் கடப்பதாகும். இதை எளிதாக எண்ணிப் பின்னால் சிக்கிக்கொண்டவர்கள் உண்டு.

சட்ட நிலையையும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். 1951-ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. 2025 செப்டம்பர் 1-இலிருந்து குடியேற்றம் மற்றும் வெளிநாட்டினர் தொடர்பான புதிய சட்டம் நடைமுறைக்கு வந்துள்ளது. 2015 ஜனவரி 9 வரை இந்தியாவில் தஞ்சமடைந்து அரசிடம் பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு, கடவுச்சீட்டோ விசாவோ இல்லை என்பதற்காகத் தண்டனை விதிக்கும் பிரிவுகளிலிருந்து அந்தச் சட்டத்தின் கீழ் விலக்கு அளிக்கப்பட்டிருக்கிறது. அதற்குப் பிறகு வந்தவர்களும், பதியாமலே இருப்பவர்களும் அந்த விலக்குக்குள் வரமாட்டார்கள். அவர்கள் ஒளிந்து வாழ்வதை விட ஒரு வழக்கறிஞரைப் பார்ப்பதே நல்லது. கடலூர் நீதிமன்ற வளாகத்திலுள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இன வன்முறையால் பாதிக்கப்பட்டவர்களுக்கும் கட்டணம் இல்லாமல் வழக்கறிஞர் உதவி கிடைக்கும். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். புதிய சட்டப்படி, வெளிநாட்டவர் உள்நோயாளியாகச் சேர்ந்தால் மருத்துவமனை அதைப் பதிவு அலுவலருக்குத் தெரிவிக்க வேண்டும். தகவல் தெரிவிப்பதற்காகவே அந்த விதி இருக்கிறது. அதைக் காட்டி யாரும் சிகிச்சையை மறுக்க முடியாது. ஆகவே மருத்துவமனையில் பொய்யான முகவரி கொடுக்க வேண்டாம்.

ஒரே எழுத்து, ஒரே பெயர்

ஒரு கோப்பு வாங்குங்கள். நெகிழி உறை உள்ளதாக இருக்கட்டும். அதில் முகாம் அடையாள அட்டை, குடும்ப அட்டை, இலங்கையிலிருந்து கொண்டுவந்த பிறப்புச் சான்று, தேசிய அடையாள அட்டை, பள்ளிச் சான்றுகள், கிளினிக் கொப்பி, குழந்தையின் தடுப்பூசி அட்டை ஆகியவற்றை வைத்து, ஒவ்வொன்றையும் கைப்பேசியில் படம் எடுத்து, நம்பிக்கையான இன்னொருவரின் கைப்பேசிக்கும் அனுப்பிவிடுங்கள். ஆதார் அட்டை உள்ளவர்கள் அதையும் சேர்த்து வையுங்கள். ஆனால் ஆதார் குடியுரிமைச் சான்று ஆகாது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

என் அக்காள் மகளின் பெயரில் ஒரு 'ர' வந்த கதையை இங்கே சொல்ல வேண்டும். யாழினி என்ற பெயரை ஒரு மருத்துவமனையில் எழுதியவர் காதில் விழுந்தபடி யாழிரனி என்று எழுதிவிட்டார். அக்காள் அதைப் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். முகாம் பதிவில் யாழினி, பிறப்புச் சான்றில் யாழிரனி, பள்ளியில் சேர்த்தபோது ஆங்கில எழுத்தில் மூன்றாவதாக ஒன்று. பன்னிரண்டாம் வகுப்பு முடித்துக் கல்லூரியில் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும்போதுதான் இது வெளிப்பட்டது. திருத்தி முடிக்க ஒன்றரை ஆண்டு ஆயிற்று. எனவே தலைப்பெழுத்து முன்னால் வருமா பின்னால் வருமா, ஆங்கிலத்தில் எந்த எழுத்துகளில் எழுதுவது என்பதை முதல் வாரத்திலேயே முடிவு செய்து, ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி, அந்தக் கோப்பின் முதல் உறையில் வையுங்கள். யார் கேட்டாலும் வாயால் சொல்லாமல் அந்தத் தாளை நீட்டுங்கள். எழுதி முடித்ததை வாசித்துப் பார்த்த பிறகே கையெழுத்திடுங்கள்.

மருத்துவமனையில் பேசும் தமிழ்

நாமும் தமிழ், அவர்களும் தமிழ் என்பதால் பேச்சில் இடர் வராது என்று நினைப்போம். வந்த புதிதில் என் அம்மா தம்பியைத் தூக்கிக்கொண்டு போய், "பிள்ளைக்கு மூண்டு நாளா வருத்தம்" என்றார். சீட்டு எழுதியவர் நிமிர்ந்து பார்த்து, "குழந்தைக்கு என்னம்மா வருத்தம்? யாராவது திட்டினாங்களா?" என்று கேட்டார். அவர் கேலி செய்யவில்லை. இங்கே வருத்தம் என்றால் மனத்துயரம் மட்டும்தான். அம்மாவோ, தன் பிள்ளையின் நோயை இவர்கள் நம்பவில்லை என்று எண்ணி வரிசையிலிருந்து விலகி வந்துவிட்டார். தம்பிக்கு அன்று நூற்று மூன்று காய்ச்சல்.

ஆகவே 'உடம்பு சரியில்லை' என்று சொல்லுங்கள். தலையிடி என்பதைத் தலைவலி என்றும், சத்தி என்பதை வாந்தி என்றும், வயிற்றோட்டம் என்பதை வயிற்றுப்போக்கு அல்லது பேதி என்றும், தடிமன் என்பதைச் சளி, ஜலதோஷம் என்றும், நாரி நோ என்பதை இடுப்பு வலி என்றும், முட்டு என்பதை வீசிங் அல்லது இழுப்பு என்றும் சொன்னால் உடனே புரிந்துகொள்வார்கள். நீரிழிவை இங்கே 'சுகர்' என்றே சொல்கிறார்கள். தாதியை 'மிஸ்' என்று அழைத்துப் பழகியவர்கள் 'சிஸ்டர்' என்று அழைக்க வேண்டும். மருத்துவமனையில் 'ஓ.பி. சீட்டு' என்பது நாம் சொல்லும் துண்டு. மருந்துக் கடையில் பனடோல் என்று கேட்டால் கடைக்காரர் விழிப்பார், பாராசிட்டமால் என்று கேட்க வேண்டும். 'சாரத்திலிருந்து விழுந்துவிட்டார்' என்று யாராவது சொன்னால் கட்டடத்துக்குக் கட்டிய மரச் சட்டத்திலிருந்து விழுந்தார் என்று பொருள், இடுப்பில் உடுத்தும் சாரத்தை இங்கே லுங்கி, கைலி என்பார்கள். கச்சேரி என்பது கலெக்டர் ஆபீஸ், விதானையார் இருக்கும் இடத்தில் இங்கே வி.ஏ.ஓ. எனும் கிராம நிர்வாக அலுவலர் இருப்பார், சங்கக்கடை என்பது ரேஷன் கடை.

நம் பேச்சை மாற்றிக்கொள்ளச் சொல்வதாக இதை எண்ண வேண்டாம். வீட்டில் நம் சொற்களே இருக்கட்டும். மருத்துவரிடம் கிடைக்கும் இரண்டு நிமிடத்தில் நோய் என்னவென்று சரியாகப் போய்ச் சேர வேண்டும் என்பதுதான் என் கவலை. போகும் முன் ஒரு தாளில் நான்கு செய்திகளை எழுதிக்கொள்ளுங்கள்: என்ன தொந்தரவு, எத்தனை நாளாக, இப்போது சாப்பிடும் மருந்துகளின் பெயர், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது. மருந்தின் பெயரைக் கம்பெனிப் பெயராக அல்லாமல், அட்டையில் சிறிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் மூலப் பெயராக எழுதுங்கள். இலங்கையில் விற்கும் கம்பெனிப் பெயர்கள் பல இங்கே கிடையாது. உடம்பில் ஷெல் துண்டுகள் இருப்பவர்கள் ஸ்கேன் எடுக்கும் முன் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். உலோகத் துண்டு உடம்பில் இருப்பவருக்கு எம்.ஆர்.ஐ. ஸ்கேன் ஆபத்தாக முடியலாம். இங்கே உள்ள மருத்துவர்கள் அதைத் தாமாகவே ஊகித்துக் கேட்பார்கள் என்று எதிர்பார்க்க முடியாது.

எங்கே போவது

சாதாரணக் காய்ச்சல், சுகர், பிரஷர், தடுப்பூசி, கர்ப்பகாலப் பரிசோதனை ஆகியவற்றுக்கு அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையமே போதும். சிகிச்சையும் மருந்தும் இலவசம். சுகருக்கும் பிரஷருக்கும் மாதந்தோறும் மருந்து வேண்டியவர்கள் 'மக்களைத் தேடி மருத்துவம்' பட்டியலில் பெயர் சேர்த்துக்கொண்டால் மாத்திரை வீட்டுக்கே வரும். முகாமுக்கு வரும் கிராம சுகாதார செவிலியரின் பெயரையும் எண்ணையும் முதலில் வாங்கி வையுங்கள், அவர்தான் உங்களுக்கு மிகவும் வேண்டியவர். அதற்கு மேல் என்றால் கடலூர் மஞ்சக்குப்பத்தில் அரசு தலைமை மருத்துவமனையும், சிதம்பரம் அண்ணாமலை நகரில் கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் இருக்கின்றன. புதுச்சேரியில் இந்திரா காந்தி அரசு பொது மருத்துவமனை, எல்லைப்பிள்ளைச்சாவடியில் ராஜீவ் காந்தி அரசு மகளிர் மற்றும் குழந்தைகள் மருத்துவமனை, கோரிமேட்டில் மத்திய அரசின் ஜிப்மர் மருத்துவமனை ஆகியவை உண்டு.

ஜிப்மருக்கு எடுத்த எடுப்பில் போக வேண்டாம் என்பது என் கருத்து. அங்கே சிகிச்சை சிறப்பானது என்பதில் ஐயமில்லை. ஆனால் பல மாவட்டங்களிலிருந்து மக்கள் விடியற்காலையிலேயே வந்து வரிசையில் நிற்கும் இடம் அது. கடலூரிலிருந்து முதல் பேருந்தில் புறப்பட்டுப் புதுச்சேரி பேருந்து நிலையத்தில் இறங்கி, மறுபடி நகரப் பேருந்து ஏறித் திண்டிவனம் சாலையில் போக வேண்டும். அரசு மருத்துவமனையிலிருந்து பரிந்துரைக் கடிதம் வாங்கிக்கொண்டு போனால், எந்தத் துறைக்குப் போவது என்று தெரியாமல் அலைவது குறையும். அங்கே தரும் மருத்துவமனை எண் அட்டையைத் தொலைக்கக் கூடாது, பழைய பரிசோதனைகள் எல்லாம் அந்த எண்ணின் கீழ்தான் இருக்கும். இரவு தங்க நேரும் என்றால் முன்பே ஆர்.ஐ.யிடம் எழுதிக் கொடுத்து அனுமதி பெற்றுப் போங்கள். அவசரமாகப் போக நேர்ந்தால் மறுநாளே கைப்பேசியில் தெரிவித்துவிடுங்கள். குறிஞ்சிப்பாடிப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இன்னொரு செய்தி: வடலூரில் வள்ளலார் 1867-ஆம் ஆண்டு தொடங்கிய தருமச்சாலையில் இன்றும் அடுப்பு அணையாமல், வருகிறவர் யார் எவர் என்று கேட்காமல் உணவளிக்கிறார்கள். நோயாளியோடு அலைந்து கையில் காசில்லாமல் திரும்பும் நாட்களில் அந்த இடம் தெரிந்திருப்பது நல்லது. நாங்களும் அங்கே உட்கார்ந்து உண்டிருக்கிறோம்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் மற்றவர்களுக்கு ஆண்டு வருமான வரம்பு உண்டு, ஆனால் முகாமில் பதிவாகியுள்ள இலங்கைத் தமிழர்களுக்கு அந்த வரம்பு இல்லை. ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை, பட்டியலிலுள்ள அறுவை சிகிச்சைகளுக்கும் பெரிய நோய்களுக்கும் அது உதவும். அட்டை எடுக்கும் மையம் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கிறது. நோய் வந்த பிறகு ஓடாமல், வந்த முதல் மாதத்திலேயே குடும்பத்தோடு போய் எடுத்துவிடுங்கள். தனியார் மருத்துவமனையில் சேரும் முன், அந்த மருத்துவமனையும் அந்தச் சிகிச்சையும் பட்டியலில் உள்ளனவா என்று 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்டுக்கொள்ளுங்கள். 'சேர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று சொல்பவர்களை நம்பி நகையை அடகு வைத்த குடும்பங்களை எனக்குத் தெரியும்.

கர்ப்பிணிகளும் குழந்தைகளும்

கருவுற்றது தெரிந்ததும் கிராம சுகாதார செவிலியரிடம் பதிந்து, தாய்சேய் நலப் பதிவு எண்ணான 12 இலக்க ஆர்.சி.எச். எண்ணை வாங்க வேண்டும். தமிழ்நாட்டில் பிறப்புச் சான்று எடுக்க அந்த எண்ணைக் கேட்கிறார்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி பற்றியும் அப்போதே அவரிடம் கேளுங்கள். பிரசவத்துக்குப் பிறகு தாயையும் சேயையும் அரசு மருத்துவமனையிலிருந்து வீட்டில் கொண்டு வந்து விட 102 ஊர்தி இலவசம்.

பிறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்தால் கட்டணம் இல்லை. ஓராண்டு கடந்துவிட்டால் நடுவரின் ஆணை வரை போக வேண்டியிருக்கும். நம் பிள்ளைகளுக்கு இன்னொரு பதிவும் உண்டு, அதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். வெளிநாட்டில் பிறந்த குழந்தை இலங்கைக் குடியுரிமை பெற வேண்டுமானால், பெற்றோர் அந்தப் பிறப்பை இலங்கைத் தூதரகத்தில் பதிய வேண்டும். சென்னையில் உள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் ஓராண்டுக்குள் செய்வது எளிது, தாமதித்தால் கூடுதல் கட்டணமும் விளக்கமும் வேண்டும். இங்கே பிறந்து வளர்ந்து, எந்த நாட்டுக்கும் உரியவராக எழுதப்படாமல் நிற்கும் முப்பது வயதுக்காரர்கள் நம் முகாம்களில் இருக்கிறார்கள். திரும்பிப் போகும் எண்ணம் உங்களுக்கு இப்போது இல்லாமல் இருக்கலாம், அந்த முடிவைப் பிள்ளையின் கையில் விட இந்தப் பதிவு வேண்டும். இதற்கு விண்ணப்பம் நிரப்ப, 1984-இல் நம்மவர்களே தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தின் களப் பணியாளர்கள் உதவுவார்கள்.

இலங்கையில் போட்ட தடுப்பூசிகளின் அட்டவணையும் இங்குள்ள அட்டவணையும் ஒன்றல்ல. அங்கே இரண்டாம், நான்காம், ஆறாம் மாதங்களில் போடும் ஐந்து நோய்த் தடுப்பூசியை இங்கே ஆறாம், பத்தாம், பதினான்காம் வாரங்களில் போடுகிறார்கள். அட்டையைக் காட்டினால் எஞ்சியதை மட்டும் போடுவார்கள். புதன்கிழமைதான் தடுப்பூசி நாள்.

காய்ச்சலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 2016-இல் இலங்கை மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனத்தால் சான்றளிக்கப்பட்டது. அங்கே வளர்ந்த இளையவர்களுக்கு மலேரியா என்ற எண்ணமே வராது. இந்தியாவில் அந்த நோய் இன்னும் ஒழியவில்லை. டெங்கு, எலிக்காய்ச்சல், உண்ணிக்காய்ச்சல் ஆகியவையும் மழைக்காலத்தில் வரும். எந்தக் காய்ச்சலும் இரண்டு நாளுக்கு மேல் நீடித்தால் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். கடையில் ஊசி போட்டுக்கொள்ளாதீர்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனை, அது காசநோய் என்று தெரிந்தாலும் மருந்து முழுவதும் இலவசம். குழந்தைக்குப் பேதி என்றால் ஒரு லிட்டர் கொதித்தாறிய தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துக் கொடுத்துக்கொண்டே சுகாதார நிலையத்துக்குப் போங்கள். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம்.

பாம்பு கடித்தால் கட்டுப் போடுவதும், கீறுவதும், பச்சிலை தேடுவதும் கூடாது. கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும், விஷமுறிவு மருந்து அங்கே இலவசம். கட்டுவிரியன் இரவில் தரையில் படுத்திருப்பவர்களைத்தான் பெரும்பாலும் கடிக்கும், கடித்த தடமும் சரியாகத் தெரியாது. விடியற்காலையில் வயிற்று வலியோடு கண் இமை தொங்கினால் அதை நினையுங்கள். கொசுவலையைப் பாயின் கீழ் நன்றாகச் செருகிக்கொண்டு படுப்பது பாம்புக்கும் கொசுவுக்கும் காப்பு.

மனத்தின் காயம்

நாங்கள் இங்கே கழித்த முதல் தீபாவளி இரவில், பக்கத்து ஊரில் வெடி வெடிக்கத் தொடங்கியதும் சித்தப்பா ஒரு சொல்லும் பேசாமல் கட்டிலுக்குக் கீழே போய்ப் படுத்து, கைகளால் காதைப் பொத்திக்கொண்டார். நாங்கள் சிறுவர்கள், சிரித்துவிட்டோம். அவர் விடியும்வரை வெளியே வரவில்லை. அவருக்கு இருந்தது ஒரு நோய் என்றும், அதற்கு மருத்துவம் உண்டு என்றும் தெரிந்துகொள்ள எங்களுக்குப் பதினைந்து ஆண்டுகள் ஆயின. அந்தப் பதினைந்து ஆண்டுகளும் அவரைக் குடிகாரர் என்று மட்டுமே சொல்லிக்கொண்டிருந்தோம்.

உறக்கத்தில் அலறி எழுதல், ஒரே காட்சி திரும்பத் திரும்ப வருதல், வானூர்தி ஒலிக்கு உடல் நடுங்குதல், பிள்ளைகளைக் கண் மறைய விடாமல் பிடித்து வைத்தல், யாரோடும் பேசாமல் ஒதுங்குதல், குடி, 'நானும் போயிருக்கலாம்' என்ற பேச்சு ஆகியவை ஒரு மாதத்துக்கு மேல் தொடர்ந்தால் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் கடலூரிலேயே அரசு மருத்துவமனையில் பார்க்கலாம், ஜிப்மரிலும் மனநலப் பிரிவு உண்டு. 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம். மாத்திரை தொடங்கினால் மருத்துவர் சொல்லாமல் நிறுத்தக் கூடாது. உயிரை விடுவது பற்றி ஒருவர் பேசினால் அவரைத் தனியே விடாதீர்கள், வீட்டிலுள்ள பூச்சிமருந்தையும் மாத்திரைகளையும் அப்புறப்படுத்துங்கள். காணாமல் போனவர்களுக்காகக் காத்திருக்கும் தாய்மாரிடம் 'மறந்துவிடுங்கள்' என்று மட்டும் சொல்ல வேண்டாம்.

பெண்களின் பாதுகாப்பு

வீட்டு வன்முறைக்கு 181, குழந்தைகளுக்கு 1098, காவலுக்கு 112. பாலியல் வன்முறைக்கு ஆளானவருக்கு அரசு மருத்துவமனையாயினும் தனியார் மருத்துவமனையாயினும் உடனடியாக இலவச முதலுதவியும் சிகிச்சையும் தர வேண்டும் என்பது சட்டம். முதல் தகவல் அறிக்கை இருந்தால்தான் பார்ப்போம் என்று சொல்ல அவர்களுக்கு உரிமை இல்லை. புகார் கொடுத்தால் முகாம் பதிவு போய்விடும் என்று மிரட்டுகிறவர்கள் உண்டு, அதை நம்பாதீர்கள். மாவட்டத்தின் ஒருங்கிணைந்த சேவை மையத்தில் மருத்துவம், காவல், சட்டம், தங்குமிடம் ஆகிய நான்குக்கும் ஒரே இடத்தில் உதவி கிடைக்கும்.

புயலும் வெள்ளமும்

2004 ஆழிப்பேரலை, 2011 டிசம்பர் 30-இல் தானே புயல், 2020-இல் நிவர் புயல், 2024-இல் ஃபெஞ்சல் புயல் என்று இந்தக் கரை அடுத்தடுத்து அடி வாங்கியது. ஃபெஞ்சல் தந்த பாடத்தைப் புதியவர்கள் அறிய வேண்டும். புயல் கரை கடந்து காற்றும் அடங்கிய பிறகு, மேற்கே திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கம் பெய்த மழையால் சாத்தனூர் அணை திறக்கப்பட்டு, தென்பெண்ணையில் வந்த வெள்ளம் கடலூர்க் குடியிருப்புகளுக்குள் புகுந்தது. வானம் வெளுத்துவிட்டது என்று வீடு திரும்பியவர்கள் அகப்பட்டுக்கொண்டார்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை, சான்றுகள் வைத்த கோப்பை உயரத்தில், இறுகக் கட்டிய நெகிழிப் பையில் வையுங்கள். ஒரு வாரத்துக்கான மருந்தைத் தனியே எடுத்து வையுங்கள். அணைத் தண்ணீர் பற்றிய அறிவிப்பு வரும்வரை தாழ்வான இடத்துக்குத் திரும்ப வேண்டாம். மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077. நிவாரண முகாமில் பெயர் எழுதும்போது குடும்ப அட்டை எண்ணையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். வெள்ள நீரில் நடந்தவர்கள் எலிக்காய்ச்சல் தடுப்பு மாத்திரை பற்றிச் சுகாதாரப் பணியாளரிடம் கேட்க வேண்டும்.

படகு முகவர்கள்

முகாமைச் சுற்றி ஆஸ்திரேலியா, கனடா என்று பேசும் முகவர்கள் வருவார்கள். படகில் வரும் எவரையும் தன் நாட்டில் குடியமர்த்துவதில்லை என்று ஆஸ்திரேலியா 2013 ஜூலையிலேயே அறிவித்துவிட்டது. உங்கள் அடையாள அட்டையின் மூலப் பிரதியை யாரிடமும் கொடுக்காதீர்கள். தாயகம் திரும்ப விரும்புகிறவர்கள், முறையாகத் திரும்ப இப்போது என்ன வழி இருக்கிறது என்று ஐ.நா. அகதிகள் ஆணையர் அலுவலகத்தில் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மனு எழுதுவது

மேலே சொன்னவற்றில் எது தடைப்பட்டாலும், திங்கட்கிழமை காலையில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுக்கலாம். ஒரு மனுவில் ஒரே கோரிக்கையை எழுதுங்கள். மருந்து கிடைக்காததையும் வீட்டுக் கூரை ஒழுகுவதையும் ஒரே தாளில் எழுதினால், அது இரண்டு துறைகளுக்கு நடுவே நின்றுவிடும். முதல் வரியில் பெயர், முகாம், குடும்ப அட்டை எண், கைப்பேசி எண். அடுத்து நடந்ததைத் தேதியோடு மூன்று நான்கு வரிகளில். கடைசியில் என்ன வேண்டும் என்பதைத் தெளிவாக. நகல்களை மட்டும் இணையுங்கள், மூலச் சான்றுகளைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். மனுவைப் பதிந்ததும் ஓர் எண்ணோடு ரசீது தருவார்கள். அதை வாங்காமல் அந்த மேசையை விட்டு நகர வேண்டாம். முப்பது நாள் கழித்து அந்த எண்ணைச் சொல்லித்தான் கேட்க வேண்டும்.